காலநிலை மாற்றம் யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. பூமியின் சராசரி வெப்பநிலை பழைய நிலையைவிட 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்ந்த முதல் முழு ஆண்டும் அதுதான். விளக்கை அணையுங்கள், துணிப்பை எடுத்துச் செல்லுங்கள், குழாயை இறுக மூடுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு, அதன்படியே நடந்தும் வருபவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் மனத்தில் எழும் கேள்விகளுக்கு என்னால் இயன்ற நேரான பதில்கள் இவை.

நான் ஒருவர் மாறினால் ஏதாவது மாறுமா?

உங்கள் வீட்டுக் கணக்கில் மாறும். உலகக் கணக்கில் மாறாது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகிய புதைபடிவ எரிபொருள்களால் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. உலகில் ஒருவருக்குச் சராசரியாக நான்கரை டன்னுக்குச் சற்று மேல். உங்கள் பங்கை முழுவதுமாகப் பூஜ்ஜியமாக்கினாலும் எந்த அளவுமானியிலும் அது பதிவாகாது.

அதைவிடக் கடினமான செய்தி ஒன்று உண்டு. உங்கள் பங்கை உங்களால் பூஜ்ஜியமாக்கவே முடியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் 2008-இல் பலவகை வாழ்க்கை முறைகளைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வீடில்லாமல், இலவச உணவுக் கூடத்தில் சாப்பிட்டு, காப்பகத்தில் தூங்கும் ஒருவருக்குக்கூட ஆண்டுக்கு சுமார் 8.5 டன் உமிழ்வு சேர்ந்தது. அது அன்றைய உலக சராசரியைப் போல் இருமடங்கு. அந்த மனிதரிடம் கார் இல்லை, குளிர்சாதனம் இல்லை, குறைத்துக்கொள்ள எதுவுமே இல்லை. சாலை, மருத்துவமனை, நீதிமன்றம், காவல்துறை, ராணுவம் என்று அந்த நாடு தன் மக்கள் அனைவருக்குமாகச் செலவிடும் எரிபொருளில் அவருக்கு வரும் பங்கு அது. தனிமனித முயற்சியின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கை நான் பார்த்ததில்லை.

71 சதவீத உமிழ்வுக்கு 100 நிறுவனங்களே காரணம் என்கிறார்களே, உண்மையா?

எண் உண்மை. அது பரவும் விதத்தில்தான் பிழை இருக்கிறது.

2017-இல் ரிச்சர்ட் ஹீடி என்ற ஆய்வாளரின் தரவுகளைக் கொண்டு சி.டி.பி. என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. 1988 முதல் வெளியான தொழில்துறைப் பசுங்குடில் வாயுக்களில் 71 சதவீதம், நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் தோண்டி எடுக்கும் 100 உற்பத்தியாளர்களோடு தொடர்புடையது என்பது அதன் முடிவு. ‘தொழில்துறை’ என்ற சொல் பலர் எடுத்துச் சொல்லும்போது காணாமல் போய்விடுகிறது. காடழிப்பு, கால்நடை, வேளாண்மை ஆகியவை அந்தக் கணக்கில் இல்லை.

இரண்டாவது, அந்த உமிழ்வில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அந்நிறுவனங்களின் புகைபோக்கியிலிருந்து வந்தது அல்ல. அவை விற்ற எரிபொருளை மின்நிலையங்களும் தொழிற்சாலைகளும் வாகனங்களும் வீடுகளும் எரித்ததால் வந்தது.

மூன்றாவது, பட்டியலில் இருப்பவை எல்லாம் பங்குச்சந்தை முதலாளிகளின் நிறுவனங்கள் அல்ல. சவூதி அராம்கோ, ரஷ்யாவின் காஸ்ப்ரோம், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம், கோல் இந்தியா, சீனாவின் நிலக்கரித் துறை என அரசுகளின் கையில் இருப்பவை அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே ‘கார்ப்பரேட்’ என்று சொல்லிவிட்டு அரசைக் கேள்வி கேட்காமல் விடமுடியாது.

இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும் அந்த எண் சொல்லும் செய்தி பெரியது. உலகின் 800 கோடிப் பேரும் எரிக்கும் எரிபொருள், ஒரு மாநாட்டு அரங்கில் உட்கார வைத்துவிடக்கூடிய சில நூறு பேரின் முடிவுகளைக் கடந்துதான் வெளியே வருகிறது. எந்தச் சுரங்கத்தைத் திறப்பது, எந்தக் குழாயைப் பதிப்பது, லாபத்தை எங்கே முதலீடு செய்வது என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள். 800 கோடிப் பேரைத் தனித்தனியாக மாற்றுவதைவிட அந்த இடத்தில் விதியை மாற்றுவது எளிது. எளிதென்றால் சுலபம் என்று பொருளில்லை. செய்யக்கூடியது என்று பொருள்.

வாங்கி எரிப்பவர்கள் நாம்தானே? விற்றவரை ஏன் குறை சொல்ல வேண்டும்?

நியாயமான கேள்வி. விற்றது மட்டும் குற்றம் என்றால் பதில் சொல்வது கடினமாகத்தான் இருக்கும். ஆனால் விற்றவர்கள் எதை அறிந்திருந்தார்கள், அறிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் இங்கே வழக்கு.

1977-இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் மூத்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருள்களால் பூமி சூடாகும் என்று தன் மேலதிகாரிகளிடம் நேரில் விளக்கினார். 1979-இல் அந்நிறுவனம் தன் பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்றில் கருவிகளைப் பொருத்தி, கடலிலும் காற்றிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியது. 1982-இல் நிறுவனத்துக்குள் ஓர் அறிக்கை சுற்றுக்கு விடப்பட்டது. அதில் ஒரு வரைபடம் இருக்கிறது. கிடைக்கோட்டில் ஆண்டுகள், ஒரு பக்கம் கார்பன் டை ஆக்சைடின் அளவு, மறுபக்கம் வெப்பநிலை உயர்வு. இரண்டு கோடுகள் மெல்ல மேலேறுகின்றன. 2019-ஐ ஒட்டிய இடத்தில் விரலை வைத்து மேலே பார்த்தால் சுமார் 415 பங்கு என்றும், ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவான உயர்வு என்றும் வருகிறது. 2019-இல் உலகம் ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றது. அறிக்கையோடு வந்த கடிதம், இது நிறுவன ஊழியர்களுக்கு மட்டும், வெளியே கொடுக்கக் கூடாது என்று சொன்னது.

ஜெஃப்ரி சுப்ரான், ஸ்டெஃபான் ராம்ஸ்டார்ஃப், நவோமி ஒரெஸ்கெஸ் மூவரும் 2023-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் அந்நிறுவனத்தின் பழைய கணிப்புகளைச் சோதித்து எழுதினார்கள். கணக்கிடும் முறையைப் பொறுத்து 63 முதல் 83 சதவீதம் வரையான கணிப்புகள் பிற்பாடு பதிவான வெப்பநிலையோடு பொருந்தின. விஞ்ஞானம் கைவசம் இருந்தது. வெளியிலோ, ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்ற விளம்பரங்கள் வந்தன. எண்ணெய், நிலக்கரி, வாகன நிறுவனங்கள் சேர்ந்து 1989-இல் ‘உலக காலநிலைக் கூட்டணி’ என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, உமிழ்வைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களை எதிர்த்தன. 2002 வரை அது இயங்கியது.

தொழிற்புரட்சி தொடங்கியதிலிருந்து மனிதர்கள் எரிபொருளால் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ பாதி 1990-க்குப் பிறகு வந்தது. சந்தேகம் விதைக்கப்பட்ட காலமும் அதே காலம். வாங்கியவரிடம் உண்மையை மறைத்து, மாற்று வருவதையும் தடுத்து, பிறகு ‘நீதானே வாங்கினாய்’ என்று கேட்பதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

‘கார்பன் தடம்’ என்ற கணக்கு எப்படி இவ்வளவு பரவியது?

1990-களில் வில்லியம் ரீஸ், மத்தீஸ் வாக்கர்நாகல் என்ற இரு ஆய்வாளர்கள், மனிதர்களின் நுகர்வை நிலப்பரப்பாகக் கணக்கிடும் ‘சூழலியல் தடம்’ என்ற முறையை உருவாக்கினார்கள். நல்ல நோக்கத்தோடு பிறந்த அறிவியல் கருவி அது. அதிலிருந்து கிளைத்த கார்பன் தடத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான பி.பி.-யைச் சேரும். ஓகில்வி விளம்பர நிறுவனத்தின் துணையோடு 2000-இல் ‘பெட்ரோலியத்துக்கு அப்பால்’ என்ற முழக்கத்தோடு புது வேடம் பூண்ட பி.பி., 2004-இல் தனிநபர் கார்பன் தடத்தைக் கணக்கிடும் கருவியை இணையத்தில் வைத்தது. சாலையில் போகிறவர்களை நிறுத்தி ‘உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?’ என்று கேட்கும் விளம்பரங்கள் தொலைக்காட்சியில் வந்தன.

இத்தகைய கருவி ஒன்றைத் திறந்து, அது கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். வீட்டில் எத்தனை அறைகள்? என்ன கார்? ஆண்டுக்கு எத்தனை முறை விமானம்? இறைச்சி உண்டா? ஒவ்வொரு பதிலுக்கும் எண் ஏறுகிறது. கடைசியில் ஒரு தொகை உங்கள் பெயரில் வந்து நிற்கிறது. உங்கள் தெருவுக்குப் பஸ் வருகிறதா, உங்கள் மின்சாரம் எதிலிருந்து வரவேண்டும் என்று முடிவெடுத்தது யார், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் விழும்படி நகரத்தைத் திட்டமிட்டது யார் என்ற கேள்விகள் அதில் வருவதில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்காதவையும் உங்கள் தேர்வாகவே எழுதப்படுகின்றன.

2020 நவம்பரில் ஷெல் நிறுவனம் ட்விட்டரில் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. உமிழ்வைக் குறைக்க நீங்கள் எதை மாற்றிக்கொள்ளத் தயார் என்று பொதுமக்களிடம் கேட்டது. உலகின் மிகப்பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்று கேட்ட கேள்வி அது. வந்த பதில்களில் பெரும்பாலானவை கோபம். அந்தக் கோபம் எனக்கு நம்பிக்கை தந்தது.

பழியை இப்படி மக்கள் பக்கம் திருப்புவது புதிதா?

புதிதில்லை. பாட்டில், டின் தயாரித்த நிறுவனங்கள் 1953-இல் அமெரிக்காவில் ‘அமெரிக்காவை அழகாக வைத்திருங்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கின. பாட்டில்களைத் திரும்பப் பெற்று மறுபடி நிரப்பும் வழக்கம் ஒழிந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் டின்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். குப்பை போடுபவர்தான் குற்றவாளி என்று அந்த அமைப்பு சொன்னது. 1971-இல் அது வெளியிட்ட, பழங்குடி ஒருவர் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடும் விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. நடித்தவர் பழங்குடி அல்லர், இத்தாலிய வம்சாவளியினர். பாட்டிலுக்கு முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற சட்டங்களை அதே தொழில்துறை எதிர்த்து நின்றது.

2020-இல் உலகமே வீட்டுக்குள் இருந்ததே, அப்போது உமிழ்வு எவ்வளவு குறைந்தது?

பலர் நினைப்பதைவிடக் குறைவாக. விமானங்கள் தரையில் நின்றன, சாலைகள் வெறிச்சோடின. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், முந்தைய ஆண்டின் தினசரி சராசரியோடு ஒப்பிட்டால், 17 சதவீதம் வரை சரிவு இருந்தது. ஆண்டு முழுமைக்கும் பார்த்தால் சுமார் 5 சதவீதம். அடுத்த ஆண்டே கிட்டத்தட்டப் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. மனிதர்கள் வாழ்க்கையையே நிறுத்தியபோதும் மின்நிலையங்கள் எரிந்துகொண்டிருந்தன, எஃகு உலைகளும் சிமெண்ட் சூளைகளும் ஓடின. மின்சாரமும் எஃகும் சிமெண்டும் எப்படித் தயாராகின்றன என்பது மாறாதவரை, மக்கள் எவ்வளவு ஒடுங்கி வாழ்ந்தாலும் பெரும்பகுதி உமிழ்வு அப்படியே நிற்கும் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது. அதுவும் எவ்வளவு பெரிய துயரத்தை விலையாகக் கொடுத்து!

அப்படியானால் நான் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாமா?

வேண்டும். ‘எல்லாம் நிறுவனங்களின் பாடு’ என்று கையைக் கட்டிக்கொள்வது எண்ணெய் நிறுவனங்களுக்கு இன்னும் வசதி.

ஆனால் எதை மாற்றுவது என்பதில் அளவறிவு தேவை. சேத் வைன்ஸ், கிம்பர்லி நிக்கலஸ் என்ற ஆய்வாளர்கள் 2017-இல் வளர்ந்த நாடுகளின் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். கார் இல்லாமல் வாழ்ந்தால் ஆண்டுக்கு சுமார் 2.4 டன் மிச்சம். அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய்வரும் ஒரு விமானப் பயணத்தைத் தவிர்த்தால் 1.6 டன். தாவர உணவுக்கு மாறினால் 0.8 டன். குப்பையைத் தரம்பிரித்து மறுசுழற்சிக்குக் கொடுத்தால் 0.2 டன். பல்பை மாற்றினால் 0.1 டன். அதே ஆய்வு கனடாவின் பள்ளிப் பாடநூல்களையும் புரட்டிப் பார்த்தது. பிள்ளைகளுக்குப் பெரிதும் சொல்லித்தரப்பட்டவை அந்தக் கடைசி வகைச் சின்னச் சின்ன வேலைகள்தான்.

ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2022 அறிக்கையில் இன்னொரு கணக்கைத் தந்தது. உணவு, போக்குவரத்து, கட்டடம் போன்ற துறைகளில் மக்களின் பயன்பாட்டை மாற்றுவதால் 2050-க்குள் அந்தத் துறைகளின் உமிழ்வை 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்கலாம் என்றது. ‘பார்த்தீர்களா, எல்லாம் மக்கள் கையில்தான்’ என்று இதை மேற்கோள் காட்டுபவர்கள், அறிக்கை அதற்கு வைத்த நிபந்தனையைச் சொல்வதில்லை. நல்ல பொதுப்போக்குவரத்து, வெப்பத்தைத் தாங்கும் கட்டடங்கள், கட்டுப்படியாகும் தொழில்நுட்பம், அதற்கான கொள்கை ஆகியவை இருந்தால் என்பதுதான் அந்த நிபந்தனை. பஸ்ஸே வராத இடத்தில் பஸ்ஸில் போகச் சொல்வது அறிவுரை ஆகாது.

என் கருத்து இது. உங்களால் மாற்ற முடிந்த பெரிய ஒன்றிரண்டை மாற்றிக்கொள்ளுங்கள். மீதி நேரத்தையும் மனவலிமையையும் ஷாம்பூ பாட்டிலைக் கழுவிக் காயவைத்துக் குற்றவுணர்வில் கரைக்காமல், விதிகள் எழுதப்படும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். வாடிக்கையாளராக உங்களிடம் இருப்பது உங்கள் பணப்பை மட்டும். வாக்காளராக, தொழிற்சங்க உறுப்பினராக, ஓய்வூதிய நிதியின் பங்குதாரராக, ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுபவராக உங்களுக்கு இருக்கும் பலம் அதைவிட மிகப் பெரியது.

‘தனிமனிதர்’ என்று எல்லாரையும் ஒன்றாகச் சொல்லலாமா?

கூடாது. வறுமை ஒழிப்புக்காக இயங்கும் ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் கணக்குப்படி 2019-இல் உலகின் மிகப் பணக்காரர்களான 1 சதவீதத்தினர் வெளியிட்டது மொத்தத்தில் 16 சதவீதம். ஏழ்மையான 66 சதவீத மக்கள், அதாவது சுமார் 500 கோடிப் பேர் சேர்ந்து வெளியிட்டதும் ஏறத்தாழ அதே அளவு. சொந்த விமானம் வைத்திருப்பவரிடமும், மின்விசிறிகூட இல்லாதவரிடமும் ‘நாம் எல்லாரும் குறைத்துக்கொள்வோம்’ என்று ஒரே குரலில் பேசுவது அநீதி. வசதி உள்ளவர்களிடம் தனிமனிதப் பொறுப்பைத் தாராளமாகக் கேட்கலாம். அங்கே குறைக்க நிறையவே இருக்கிறது.

நெட் ஜீரோ என்று நிறுவனங்கள் அறிவிக்கின்றனவே, நம்பலாமா?

நெட் ஜீரோ என்றால், வெளியிடும் அளவையும் திரும்ப உறிஞ்சும் அளவையும் சமமாக்கி நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவது. அறிவிப்பை நம்ப வேண்டாம், முதலீட்டைப் பாருங்கள்.

பி.பி. 2020-இல், பத்தாண்டுகளில் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. பாராட்டுகள் குவிந்தன. லாபம் கொழித்த பிறகு, 2023 பிப்ரவரியில், அது 25 சதவீதமாகச் சுருங்கியது. 2025 பிப்ரவரியில் அந்த இலக்கே கைவிடப்பட்டது; எண்ணெய், எரிவாயுவில் ஆண்டு முதலீடு சுமார் 1,000 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. தானாக முன்வந்து கொடுத்த வாக்கைத் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். யாரும் தண்டிக்க முடியாது.

ஒரு நிறுவனத்தின் உறுதிமொழியைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, எந்த உமிழ்வைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்பது. நிறுவனங்களின் உமிழ்வை மூன்று வட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். சொந்த வளாகத்தில் எரிப்பது முதல் வட்டம், வாங்கும் மின்சாரத்தால் வருவது இரண்டாவது, மூலப்பொருள் வருவதிலிருந்து விற்ற பொருள் பயன்படுவது வரையான மற்ற எல்லாம் மூன்றாவது. எண்ணெய் நிறுவனத்தின் உமிழ்வில் பெரும்பகுதி அந்த மூன்றாம் வட்டத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நெட் ஜீரோ பேசினால், தன் அலுவலக விளக்குகளைப் பற்றித்தான் பேசுகிறது. அடுத்து, இலக்கு 2050 என்றால் 2030-க்குள் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்றாவது, குறைக்கப்போவது மொத்த டன்னா, உற்பத்தியின் ஓர் அலகுக்கு உரிய டன்னா? அலகுக்குக் குறைத்துக்கொண்டே உற்பத்தியை இரட்டிப்பாக்கினால் காற்றுக்கு என்ன லாபம்?

பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2023-இல் ஷெல், ரெப்சோல், பெட்ரோனாஸ் நிறுவனங்களின் பசுமை விளம்பரங்களைத் தடை செய்தது. தொழிலின் மிகப்பெரும் பகுதியான எண்ணெய், எரிவாயுவை மறைத்துச் சிறு பகுதியை மட்டும் காட்டுவது மக்களைத் தவறாக வழிநடத்தும் என்பது காரணம்.

மரம் நட்டு ஈடுகட்டிவிடலாமே?

மரம் நடுவது நல்லது, அதற்காகவே நடலாம். ஆனால் நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் பூட்டியிருந்த கார்பன். மரம் சில பத்தாண்டுகள் வைத்திருக்கும். காட்டுத்தீயில் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டும் சமம் என்று ரசீது எழுத முடியாது.

நிறுவனங்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. மீத்தேன் கசிவை அடைக்கலாம். மீத்தேன் காற்றில் நெடுநாள் தங்குவதில்லை. ஆனால் முதல் 20 ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடாக்கும். கிணற்றின் தளர்ந்த வால்வு, குழாயின் விரிசல், அணைந்துபோன எரிதூபம் (வேண்டாத வாயுவை எரித்துத் தீர்க்கும் குழாய்) என்று எண்ணெய், எரிவாயு வயல்களில் அது வெளியேறிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும். இன்றுள்ள தொழில்நுட்பத்தைக் கொண்டே இந்தத் துறைகளின் கசிவில் பெரும்பகுதியை நிறுத்தலாம் என்று சர்வதேச எரிசக்தி முகமை பல ஆண்டுகளாகச் சொல்கிறது. பிடித்த வாயுவை விற்றுவிடலாம் என்பதால் ஒரு பகுதிக்கு நிகரச் செலவே கிடையாது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் செயற்கைக்கோள் மூலம் பெரிய கசிவுகளைக் கண்டுபிடித்து, இரண்டு ஆண்டுகளில் அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் சுமார் 1,200 எச்சரிக்கைகள் அனுப்பியது. பதில் வந்தவை 1 சதவீதம் என்று 2024-இல் அதுவே தெரிவித்தது. ‘இந்த இடத்தில் ஓட்டை, அடையுங்கள்’ என்று சொன்ன பிறகும் இந்த நிலை. குழாயை இறுக மூடச் சொல்லி வீட்டில் இருப்பவருக்கு வரும் அறிவுரைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சட்டம் போட்டால் உண்மையிலேயே பலன் கிடைக்குமா?

ஓசோன் படலம் சாட்சி. தெளிப்பான்களிலும் பிரிட்ஜுகளிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோனை அழிக்கும் என்று 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதியபோது, தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். அமெரிக்க மக்கள் பலர் தெளிப்பான்கள் வாங்குவதைத் தாங்களாகவே குறைத்தார்கள். அது அரசியல் அழுத்தமாக மாறி, 1978-இல் தெளிப்பான்களில் அந்த வாயுவுக்குத் தடை வந்தது. 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் துளை கண்டுபிடிக்கப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. பிற்பாடு உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிப் பெரும்பாலான இடங்களில் ஓசோன் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது இன்றைய கணிப்பு.

இந்தக் கதையில் தனிமனிதரின் இடம் எது என்று கவனியுங்கள். அவர்கள் வாங்க மறுத்தது தொடக்கம். ஆனால் பிரிட்ஜுக்குள் எந்த வாயு ஓடுகிறது என்று ஒவ்வொருவரும் சோதித்து வாங்கியதால் ஓசோன் காப்பாற்றப்படவில்லை. தயாரிப்பதையே சட்டம் நிறுத்தியது. கடையில் இருந்த எல்லாப் பெட்டியும் மாறியது. எரிபொருள் இதைவிடப் பலமடங்கு சிக்கல்தான். வழி மட்டும் வேறில்லை.

கார்பனுக்கு வரி போட்டால் ஏழைகள் தலையில்தானே விழும்?

பிரான்சில் 2018 இறுதியில் அதுதான் நடந்தது. பெரும் செல்வர்களின் வரியைக் குறைத்த அரசு, எரிபொருள் வரியை ஏற்றப் போனது. காரைத் தவிர வேறு போக்குவரத்து இல்லாத சிற்றூர் மக்கள் மஞ்சள் அங்கி அணிந்து சாலைக்கு வந்தார்கள், அரசு பின்வாங்கியது. அவர்கள் காலநிலைக்கு எதிரிகள் என்று சொல்வோரை நான் ஏற்கமாட்டேன். சுமையை யார்மேல் வைப்பது என்ற கேள்வியைத்தான் அவர்கள் எழுப்பினார்கள்.

வரிக்கு முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 2022-இல் உலக அரசுகள் புதைபடிவ எரிபொருள்களுக்கு நேரடியாகக் கொடுத்த மானியம் மட்டும் சுமார் 1.3 லட்சம் கோடி டாலர் என்று சர்வதேச நிதியம் கணக்கிட்டது. மக்களின் பணம் அது. ஏழைகளுக்கு நேரடி உதவியை உறுதிசெய்துவிட்டு, மீதியைப் பொதுப்போக்குவரத்துக்கும் சூரிய மின்சாரத்துக்கும் திருப்பலாம்.

நிறுவனங்களை நீதிமன்றத்தில் நிறுத்த முடியுமா?

முடிகிறது; வெற்றியும் தோல்வியும் கலந்தே வருகின்றன.

நெதர்லாந்தின் மில்யூடிஃபென்சி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில், 2030-க்குள் உமிழ்வை 2019 அளவிலிருந்து 45 சதவீதம் குறைக்குமாறு 2021-இல் தி ஹேக் நீதிமன்றம் ஷெல் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த எண்ணை ரத்து செய்தது. ஆனால் உமிழ்வைக் கட்டுப்படுத்தும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை.

பெருவின் ஆண்டிஸ் மலையில் வாராஸ் என்ற நகரம் இருக்கிறது. அதற்கு மேலே பால்காகோச்சா என்ற ஏரி. பனியாறு உருகி ஏரி ததும்புகிறது. 1941-இல் ஒருமுறை கரை உடைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஊர் விவசாயி சவுல் லூசியானோ லியுயா 2015-இல் ஜெர்மனியின் மின் நிறுவனமான ஆர்.டபிள்யூ.இ. மீது வழக்குப் போட்டார். உலகின் தொழில்துறை உமிழ்வில் அந்நிறுவனத்தின் பங்கு 0.47 சதவீதம் என்று கணக்கு இருந்தது. ஆகவே வெள்ளத் தடுப்புச் செலவில் 0.47 சதவீதம் கொடு என்றார். கேட்ட தொகை ஏறத்தாழ 17,000 யூரோ. ஜெர்மன் நீதிபதிகள் 2022-இல் ஏரிக்கரைக்கே நேரில் வந்து பார்த்தார்கள். 2025 மே 28 அன்று ஹாம் நகர நீதிமன்றம், அவர் வீட்டுக்கு உடனடி ஆபத்து போதிய அளவு இல்லை என்று மனுவைத் தள்ளியது. கூடவே, உமிழும் நிறுவனம் வேறொரு கண்டத்தில் நேரும் காலநிலைப் பாதிப்புக்குக் கொள்கையளவில் பொறுப்பாளியாக முடியும் என்றும் சொன்னது. பத்தாண்டு வழக்கில் லியுயா பணம் பெறவில்லை. அவருக்குப் பின் வருபவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது.

அதே ஆண்டு ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், தங்கள் எல்லைக்குள் இயங்கும் தனியார் நிறுவனங்களின் உமிழ்வை ஒழுங்குபடுத்தத் தவறும் அரசும் சர்வதேசச் சட்டப்படி பொறுப்பாகக்கூடும் என்று கருத்துரைத்தது.

நான் வேலை பார்ப்பதே அதிகம் உமிழும் நிறுவனத்தில். என்ன செய்வது?

ராஜினாமா செய்யச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. குடும்பம் நடத்த வேண்டியவர் அந்த முடிவைத் தானே எடுக்க வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவருக்கு வெளியே இருப்பவருக்கு இல்லாத வழிகள் உண்டு. வருங்கால வைப்பு நிதியும் ஓய்வூதிய நிதியும் எதில் முதலீடு செய்யப்பட்டிருக்கின்றன என்று எழுத்தில் கேட்கலாம். தொழில் மாறும்போது தொழிலாளருக்குப் பயிற்சியும் மாற்று வேலையும் உறுதி செய்யும்படி சங்கத்தின் மூலம் கோரலாம். அந்த உறுதி இல்லாத மாற்றத்தைத் தொழிலாளர்கள் எதிர்ப்பது இயல்பே.

தனியாகக் கேட்காமல் சேர்ந்து கேளுங்கள். 2019-இல் அமேசானில் 8,700-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பெயரோடு கையெழுத்திட்டு, காலநிலைத் திட்டம் ஒன்றை நிறுவனத்திடம் கோரினார்கள். செப்டம்பர் 20 அன்று வெளிநடப்பு என்று அறிவித்தார்கள். முந்தைய நாளே நிறுவனம் 2040-க்குள் நெட் ஜீரோ என்று உறுதிமொழி கொடுத்தது. அதற்குப் பின்னும் அதன் உமிழ்வு 2019-இல் இருந்ததைவிட அதிகமாகவே இருக்கிறது. அந்த உறுதிமொழியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஆண்டு எத்தனை டன் என்று கேட்கும் வேலை இப்போது அந்த ஊழியர்களுக்கு இருக்கிறது.